எடைமேடையிலிருந்து வரும் எண்

அரசின் டான்செம், ராம்கோ, டால்மியா, செட்டிநாடு, அல்ட்ராடெக் என்று சிமெண்ட் ஆலைகள் நெருங்கிக் கிடக்கும் அரியலூர் மாவட்டத்தில், சாலையைப் பிடித்திருப்பவை சுண்ணாம்புக்கல் லாரிகள். அந்த லாரிகள் தப்பவே முடியாத இடம் ஒன்று உண்டு: எடைமேடை. பக்கத்துப் பெரம்பலூரிலும் பருத்தியோ மக்காச்சோளமோ ஏற்றிய வண்டி அதில் ஏறி இறங்கித்தான் போக வேண்டும்.

லாரி ஏறி நின்றதும் மேடைக்கு அடியிலுள்ள லோடு செல்கள் கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு நசுங்குகின்றன. அதனால் மாறும் மின்னழுத்தத்தை இண்டிகேட்டர் எண்ணாக்கிக் காட்டுகிறது. 032450 என்று விழுந்தால் 32,450 கிலோ. இதே எண்ணை அது விநாடிக்குப் பலமுறை கேபிளிலும் அனுப்பிக்கொண்டே இருக்கும். முன்பு சீரியல் கேபிள் நேராகக் கம்ப்யூட்டருக்கு வரும். இப்போது பல இடங்களில் நடுவே ஒரு சின்ன கன்வெர்ட்டர் உட்கார்ந்து, எண்ணை நெட்வொர்க்கில் ஏற்றிவிடுகிறது. மறுமுனையில் அதை வாங்கி ரசீது அடிக்கப் பத்துப் பதினைந்து வரி பைத்தான் நிரல் போதும். பலரும் வழுக்கி விழுவது அந்தப் பத்து வரியில்தான்.

நிரலுக்கும் நெட்வொர்க்குக்கும் நடுவே இருக்கும் வாசலுக்குச் சாக்கெட் என்று பெயர். எதிர்முனையின் ஐபி முகவரியையும் போர்ட் எண்ணையும் கொடுத்தால் இணைப்பு கிடைக்கும். பிறகு ‘ரெக்வ்’ என்று அழைத்தால் வந்தது கைக்கு வரும். கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகம் 1983-இல் வெளியிட்ட யூனிக்ஸ் பதிப்பில் வந்த ஏற்பாடு இது. நாற்பது ஆண்டு கடந்தும் பைத்தான், பெர்ல், பிஎச்பி எல்லாவற்றிலும் அதே பெயரோடு நிற்கிறது.

‘ரெக்வ் 1024’ என்று எழுதினால் 1024 பைட் கிடைக்கும் என்று புதியவர்கள் நினைக்கிறார்கள். அதன் பொருள் வேறு. இதுவரை வந்து சேர்ந்திருப்பதில் அதிகபட்சம் 1024 பைட் கொடு. மூன்றுதான் வந்திருக்கிறதா, மூன்றையே கொடு. அனுப்பியது தொலையாது, முன்பின் மாறாது என்பது வரைக்கும்தான் இந்த இணைப்பை நடத்தும் டிசிபி விதிமுறை பொறுப்பு. அனுப்புகிறவர் சோளத்தை மூட்டை மூட்டையாகக் கட்டி அனுப்பினாலும், வாங்குகிறவர் முன்னால் அது அவிழ்த்துக் கொட்டிய குவியலாகத்தான் வந்து விழும். எந்த மூட்டை எங்கே முடிந்தது என்பதற்கு அடையாளமே இருக்காது.

ஆகவே 032450 என்பது ஒரு அழைப்பில் 03 என்றும், அடுத்த அழைப்பில் 2450 என்றும் வரலாம். கிடைத்ததை அப்படியே எண்ணாக்கும் நிரல் 2,450 கிலோ என்று ரசீது அடித்துவிடும். நிரல் நின்றுபோனாலாவது யாராவது கவனிப்பார்கள். பார்ப்பதற்குச் சரியாகத் தெரியும் தப்பு எண்தான் ஆபத்து. சில சமயம் இரண்டு எடைகள் ஒட்டிக்கொண்டு வந்து நிற்கும்.

எழுத்தாக இருந்தால் கூத்து இன்னும் கூடும். யூடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறி ஒவ்வொன்றுக்கும் 3 பைட். புள்ளியும் கொம்பும் தனித்தனிக் குறிகள். ‘பெரம்பலூர்’ என்பதில் 10 குறிகள், 30 பைட். முதலில் 20 பைட் மட்டும் வந்தால் ‘பெரம்ப’ வரை சரி. மிச்சம் 2 பைட், லகரத்தின் முக்கால்வாசி கூட இல்லை. பைத்தான் அங்கேயே பிழை சொல்லி நின்றுவிடும். அது நல்லது என்றுதான் சொல்வேன்.

தீர்வு எளிது. வருவதையெல்லாம் ஒரு பஃபரில் சேர்த்துக்கொண்டே போக வேண்டும். அதில், இண்டிகேட்டர் ஒவ்வொரு எடைக்கும் பின்னால் சேர்த்தனுப்பும் வரிமுடிவுக் குறி தெரிகிறதா என்று பார்த்து, தெரிந்தால் அதுவரை உள்ளதை மட்டும் வெட்டி எடுத்து எடையாகப் படிக்க வேண்டும். வால் எதுவோ, அது பஃபரிலேயே கிடக்கட்டும். அடுத்த வரவோடு சேர்ந்துகொள்ளும். எழுத்தாக மாற்றுவதும் முழு வரி கைக்கு வந்த பிறகுதான்.

‘ரெக்வ்’ வெறும் கையாகத் திரும்பினால், அதாவது 0 பைட் கொடுத்தால், எதிர்முனை இணைப்பை மூடிவிட்டது என்று அர்த்தம். இதைச் சோதிக்காத நிரல் ஒன்றுமில்லாததையே சுற்றிச் சுற்றி வாங்கிக்கொண்டு, கம்ப்யூட்டரைச் சூடாக்கும். கரண்ட் போனால் கதை வேறு. கன்வெர்ட்டர் சொல்லாமல் கொள்ளாமல் அணைந்துவிடும். ‘மூடுகிறேன்’ என்ற தகவல்கூட வராது. ‘ரெக்வ்’ காத்துக்கொண்டே கிடக்கும். 5 விநாடிக்கு மேல் மௌனமாக இருந்தால் விட்டுவிடு என்று டைம்அவுட் வைப்பதும், புதிதாக இணைப்பதும் நம் வேலை.

இதே கவனம் ஆலையின் புகைபோக்கிக்கும் வேண்டும். அதிகம் மாசுபடுத்தும் 17 வகைத் தொழில்கள் தங்கள் வெளியேற்றத்தை இடைவிடாமல் அளந்து இணையம் வழியே அனுப்ப வேண்டும் என்று மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2014 பிப்ரவரியில் சொன்னது. சிமெண்ட் அதில் ஒன்று. தமிழ்நாட்டு ஆலைகளின் தூசு, வாயு அளவுகளைச் சென்னை கிண்டியில் மாநில வாரியத்தின் ‘கேர் ஏர் சென்டர்’ பார்க்கிறது. டைம்அவுட் ஆன நேரத்தில் நிரல் 0 என்று எழுதிவைத்தால், தகவல் வராத மணிநேரம் தூசே இல்லாத மணிநேரமாகிவிடும். அந்த இடம் காலியாகவே பதிவாக வேண்டும்.

எழுதிய நிரலை ஒரே கம்ப்யூட்டருக்குள் சோதித்தால் பெரும்பாலும் எடை முழுசு முழுசாகவே வந்து ஏமாற்றும். அனுப்பும் பக்கத்துக்கு இன்னொரு கம்ப்யூட்டரில் ஒரு குட்டி நிரல் எழுதி, 032450 என்பதை வரிமுடிவுக் குறியோடு ஒவ்வொரு பைட்டாக, நடுவே கால் விநாடி இடைவெளி விட்டு அனுப்பச் செய்யுங்கள். அப்புறம் மூன்று எடைகளை ஒட்டி ஒரே வீச்சில் அனுப்புங்கள். கடைசியாக, பாதியில் நெட்வொர்க் கேபிளைப் பிடுங்குங்கள். மூன்றுக்கும் தாங்குகிற நிரலை எடைமேடைக்குக் கொண்டுபோகலாம்.