பழைய மெயில் எங்கே இருக்கிறது?

"புது கம்ப்யூட்டர் வாங்கியாயிற்று, புது மெயில் புரோகிராமும் போட்டாயிற்று. பழைய மெயில் எல்லாம் எப்போது வரும்?" என்று கேட்பவர்களுக்கு முதலில் சொல்ல வேண்டியது ஒன்றுண்டு. அது தானாக வராது. நாம்தான் போய் எடுத்துவர வேண்டும். எங்கே போய் எடுப்பது என்று தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்த மாதிரி. டீ சூடாக இருக்கிறது, உட்காருங்கள். அவசரப்பட்டால் கெட்டுப்போகிற வேலை இது.

இன்றைக்கு ஜிமெயிலை உலாவியில் திறந்து படிக்கிறவருக்கு இந்தக் கவலையே இல்லை. கடிதங்கள் அந்தக் கம்பெனியின் சர்வரில் இருக்கின்றன. எந்தக் கம்ப்யூட்டரில் உட்கார்ந்தாலும் கிடைக்கும். ஆனால் இந்தியாவில் இணையம் வந்த காலத்து வழக்கம் வேறு. 1995 ஆகஸ்ட் 15 அன்று விஎஸ்என்எல் பொதுமக்களுக்கு இணைய இணைப்புக் கொடுக்கத் தொடங்கியது. டெலிஃபோன் கம்பி வழியாக டயல்-அப். இணைப்பில் இருக்கிற ஒவ்வொரு நிமிடத்துக்கும் ஃபோன் பில் ஏறும். அதனால் இணைப்பைப் போட்டு, வந்திருக்கும் மெயிலையெல்லாம் இறக்கிக்கொண்டு, இணைப்பைத் துண்டித்துவிட்டு, பிறகு நிதானமாகப் படிப்பார்கள். சர்வரில் கிடைத்த இடமும் கொஞ்சம்தான். 2004 ஏப்ரல் 1 அன்று ஜிமெயில் 1 ஜிபி இடம் தருகிறேன் என்று வந்தபோது, ஹாட்மெயில் இலவசமாகக் கொடுத்துவந்தது 2 எம்பி.

இதற்கு ஏற்ற முறைதான் பாப்3. மெயிலை இறக்கியதும் சர்வரில் இருப்பதை அழித்துவிடுவது அதன் வழக்கம். அந்தக் காலத்து மெயில் புரோகிராமான அவுட்லுக் எக்ஸ்பிரஸில், 'சர்வரிலும் ஒரு பிரதி இருக்கட்டும்' என்ற கட்டத்தை நாமாக டிக் செய்யாவிட்டால் அப்படித்தான் நடக்கும். பெரும்பாலோர் டிக் செய்ததில்லை. ஆகவே 2001-இல் ஒருவருக்கு வந்த கடிதத்துக்கு உலகத்தில் ஒரே ஒரு பிரதிதான் இருக்கக்கூடும், அது பரணில் கிடக்கும் அந்தப் பழைய கம்ப்யூட்டரின் ஹார்ட் டிஸ்க்கில். நான் இதை இவ்வளவு பொறுமையாகச் சொல்வது அதனால்தான்.

சரி, எங்கே இருக்கிறது? புரோகிராமுக்குள் இல்லை. புரோகிராம் என்பது படித்துக் காட்டுகிற கருவி மட்டும். கடிதங்கள் தனி ஃபைல்களில் இருக்கின்றன. விண்டோஸ் எக்ஸ்பியோடு வந்த அவுட்லுக் எக்ஸ்பிரஸ் 6-ஐ எடுத்துக்கொள்வோம், நம் வீடுகளில் அதிகம் இருந்தது அதுதான். அதில் டூல்ஸ், ஆப்ஷன்ஸ், மெயின்டனன்ஸ் என்று போய் 'ஸ்டோர் ஃபோல்டர்' பட்டனை அழுத்தினால் மெயில் இருக்கும் இடத்தின் முழு முகவரியும் வரும். 'லோக்கல் செட்டிங்ஸ்' என்ற மறைத்து வைக்கப்பட்ட ஃபோல்டருக்குள், 'ஐடென்டிட்டீஸ்' என்பதற்குள், அடைப்புக்குறிக்குள் நீளமாக எண்ணும் எழுத்தும் கலந்த பெயருடைய ஒரு ஃபோல்டரில் அது இருக்கும். அப்படிப்பட்ட ஃபோல்டர் ஒன்றுக்கு மேல் இருந்தால் பதற வேண்டாம். வீட்டில் அப்பாவுக்கும் மகளுக்கும் தனித்தனி அடையாளம் வைத்திருந்திருப்பார்கள். எல்லாவற்றையும் எடுங்கள். எது யாருடையது என்று பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

உள்ளே போனால் 'இன்பாக்ஸ்.டிபிஎக்ஸ்', 'சென்ட் ஐட்டம்ஸ்.டிபிஎக்ஸ்' என்று ஒவ்வொரு மெயில் ஃபோல்டருக்கும் ஒரு ஃபைல் இருக்கும். இன்பாக்ஸில் ஐயாயிரம் கடிதம் இருந்தாலும் அது ஒரே ஃபைல்தான். புரோகிராமை முழுசாக மூடிவிட்டு அந்த ஃபோல்டரை அப்படியே பென்டிரைவில் காப்பி எடுங்கள். இன்னொரு பென்டிரைவிலோ வெளி ஹார்ட் டிஸ்க்கிலோ இரண்டாவது காப்பி ஒன்றும் வேண்டும். முன்பே சிடியில் எழுதி வைத்தவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். சிடியிலிருந்து திரும்ப எடுத்த ஃபைல்கள் 'படிக்க மட்டும்' என்ற குறியோடு வரும். அந்தக் குறியை நீக்காவிட்டால் அவுட்லுக் எக்ஸ்பிரஸ் அவற்றைத் திறக்காது. ஃபைல் கெட்டுவிட்டது என்று நினைத்துத் தூக்கிப்போடும் அளவுக்குப் போகவேண்டாம். முகவரிப் புத்தகம் வேறு இடத்தில், 'டபிள்யூஏபி' என்ற ஃபைலில் இருக்கும். அதைத் தனியாக சிஎஸ்வி ஃபைலாக ஏற்றுமதி செய்துகொள்வது நல்லது.

காப்பி எடுக்கும் முன்பு ஒன்றையும் சுத்தம் செய்யாதீர்கள். இதை அழுத்திச் சொல்கிறேன். வீடு மாறுகிறபோது குப்பையை ஒழிப்பது நமக்குப் பழக்கம். இங்கே அது ஆபத்து. அவுட்லுக் எக்ஸ்பிரஸ் 100 முறை மூடப்பட்டதும், 'இடத்தை மிச்சப்படுத்த ஃபைல்களைச் சுருக்கட்டுமா?' என்று கேட்கும். சுருக்குவது என்றால், அழித்த கடிதங்களை விட்டுவிட்டு மீதியைப் புது ஃபைலில் எழுதி, பழையதன் இடத்தில் அதை வைப்பது. நடுவில் கரண்ட் போனாலோ, யாராவது பொறுமையிழந்து கம்ப்யூட்டரை அணைத்தாலோ ஒரு ஃபோல்டர் மெயிலே காணாமல் போகலாம். பல வீடுகளில் 'இன்பாக்ஸ் திடீரென்று காலியாகிவிட்டது' என்ற புலம்பலுக்குக் காரணம் இதுதான். அப்படி ஆகியிருந்தாலும் ஒரு வழி மிச்சமிருக்கிறது. எக்ஸ்பி சர்வீஸ் பேக் 2 வந்த பிறகு, சுருக்கும் முன்பிருந்த ஃபைலின் நகல் 'பேக்' என்ற விகுதியோடு ரீசைக்கிள் பின்னுக்குப் போனது. ஆகவே அந்தக் கம்ப்யூட்டரின் குப்பைத்தொட்டியையும் காலி செய்யாதீர்கள், முதலில் திறந்து பாருங்கள். ஒரு ஃபைல் 2 ஜிபியை நெருங்கியிருந்தால் இன்னும் கவனம் தேவை. அதுதான் டிபிஎக்ஸின் எல்லை. அதைத் தொட்ட ஃபைல்கள் அடிக்கடி கெட்டுப்போயின.

இனி, புது இடத்துக்குக் கொண்டுபோவது. விண்டோஸ் 11-இல் அவுட்லுக் எக்ஸ்பிரஸ் கிடையாது. 2007-இல் விஸ்டாவோடு வந்த விண்டோஸ் மெயில், பிறகு வந்த விண்டோஸ் லைவ் மெயில் எல்லாம் போய்விட்டன. 2024 டிசம்பர் 31-ஓடு விண்டோஸ் 10 காலத்து மெயில் செயலியையும் மைக்ரோசாஃப்ட் நிறுத்திவிட்டது. அதனால் நான் தண்டர்பேர்டு என்ற மெயில் புரோகிராமைச் சொல்கிறேன். 2004 டிசம்பரில் அதன் முதல் முழுமையான பதிப்பு வந்தது. இன்றும் இலவசமாக, திறந்த மூலமாக வளர்ந்துகொண்டிருக்கிறது. ஒரு புரோகிராம் 20 வருடத்துக்கு மேல் நிலைத்திருப்பது என் கணக்கில் சின்ன விஷயமில்லை.

ஆனால் தண்டர்பேர்டின் இன்றைய பதிப்பிடம் டிபிஎக்ஸ் ஃபைலைக் கொடுத்தால் அது என்னவென்றே அதற்குத் தெரியாது. நடுவில் ஒரு படி வேண்டும், ஒவ்வொரு கடிதத்தையும் தனித்தனி 'இஎம்எல்' ஃபைலாகப் பிரிக்க வேண்டும். பழைய கம்ப்யூட்டர் ஓடுகிறது என்றால் அவுட்லுக் எக்ஸ்பிரஸிலேயே ஃபோல்டரைத் திறந்து, எல்லாக் கடிதங்களையும் தேர்ந்தெடுத்து, டெஸ்க்டாப்பில் உருவாக்கிய ஒரு காலி ஃபோல்டருக்குள் மவுஸால் இழுத்துப் போட்டால் போதும், இஎம்எல் ஆகிவிடும். கம்ப்யூட்டர் உயிர் விட்டிருந்தால் அதன் ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி, யுஎஸ்பி அடாப்டர் வழியாகப் புதியதில் மாட்டி டிபிஎக்ஸ் ஃபைல்களை எடுக்கலாம். அவற்றைப் பிரிக்க 'அன்டிபிஎக்ஸ்' என்ற இலவசக் கருவி இருக்கிறது. கெட்டுப்போன டிபிஎக்ஸிலிருந்து மீட்கிற வசதியும் அதில் உண்டு. எதைச் செய்தாலும் காப்பியின் மேல் செய்யுங்கள்.

இஎம்எல் மீது எனக்கு இவ்வளவு நம்பிக்கை வரக் காரணம் உண்டு. மின்னஞ்சல் எப்படி எழுதப்பட வேண்டும் என்று 1982-இல் ஆர்எஃப்சி 822 என்ற ஆவணம் வகுத்தது. யாரிடமிருந்து, யாருக்கு, தேதி, பொருள் என்று வரிவரியாக, பிறகு ஒரு காலி வரி, பிறகு கடிதம். 1992-இல் மைம் வந்து, படமும் ஆவணமும் இணைக்க வழி செய்தது. இஎம்எல் ஃபைல் என்பது அந்த எழுத்தை அப்படியே சேமித்து வைத்ததுதான். நோட்பேடில் திறந்தால்கூட மேலிருக்கும் வரிகளைப் படிக்கலாம். எந்தக் கம்பெனியின் தயவும் வேண்டியதில்லை. 'ஒரே கிளிக்கில் மாற்றித் தருகிறோம், உங்கள் ஃபைலை ஏற்றுங்கள்' என்கிற இணையதளங்களின் பக்கம் தயவுசெய்து போகாதீர்கள். வீட்டுப் பத்திரம், பேங்க் விவரம், மருத்துவ ரிப்போர்ட், குடும்பச் சண்டை எல்லாம் அந்த ஒரு ஃபைலில் இருக்கிறது.

தண்டர்பேர்டில் 'லோக்கல் ஃபோல்டர்ஸ்' என்பதன் கீழ் புது ஃபோல்டர் ஒன்றை உருவாக்கி, இஎம்எல் ஃபைல்களை அதற்குள் இழுத்துப் போடலாம். ஆயிரக்கணக்கில் இருந்தால் கொஞ்சம் கொஞ்சமாகச் செய்யுங்கள். அல்லது 'இம்போர்ட் எக்ஸ்போர்ட் டூல்ஸ் என்ஜி' என்ற நீட்சியைப் போட்டுக்கொண்டால் உள் ஃபோல்டர்களோடு சேர்த்து வாங்கிக்கொள்ளும். ஆபீஸ் அவுட்லுக்கின் பிஎஸ்டி ஃபைல் வைத்திருப்பவர்களுக்கு வேலை சுலபம், வழக்கமான அவுட்லுக் பழைய பிஎஸ்டியை நேராகத் திறக்கும். 2002 பதிப்பு வரை அதற்கும் 2 ஜிபி எல்லை இருந்தது என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

ஏற்கெனவே பழைய தண்டர்பேர்டில் இருந்து புதியதற்குப் போகிறவர்கள் 'புரொஃபைல்' என்ற ஒரே ஃபோல்டரைக் காப்பி எடுத்தால் மெயில், கணக்கு, பாஸ்வேர்டு, முகவரி எல்லாம் வந்துவிடும். அதற்குள் ஒவ்வொரு மெயில் ஃபோல்டருக்கும் இரண்டு ஃபைல் தெரியும். விகுதி எதுவும் இல்லாதது கடிதங்கள். 'எம்எஸ்எஃப்' என்று முடிவது பட்டியல். நூலகத்தில் புத்தக அலமாரியும் அட்டைப் பெட்டியும் போல. அட்டைகள் கலைந்துபோனால் புத்தகம் தொலைந்ததாகத் தோன்றும், அலமாரியில் அது பத்திரமாக இருக்கும். மாற்றிய பிறகு ஃபோல்டர் காலியாகத் தெரிந்தால், புரோகிராமை மூடிவிட்டு எம்எஸ்எஃப் ஃபைலை மட்டும் அழியுங்கள். திரும்பத் திறக்கும்போது தண்டர்பேர்டே கடிதங்களைப் படித்துப் பட்டியலைப் புதிதாக எழுதிக்கொள்ளும். இன்னொன்று, 2019-இல் வந்த 68-ஆம் பதிப்பிலிருந்து, புதிய பதிப்பில் திறந்த புரொஃபைலைப் பழைய பதிப்பு திறக்க மறுக்கும். திரும்பி வர வழி வேண்டுமென்றால் முன்பே எடுத்த காப்பிதான் வழி.

சிலர், 'மெயிலைச் சர்வரிலேயே வைக்கும் ஐமேப் கணக்கு ஒன்றைப் பழைய புரோகிராமிலேயே சேர்த்து, மெயிலைச் சர்வருக்கு ஏற்றிவிடலாமே' என்பார்கள். நல்ல யோசனைதான், ஆனால் எக்ஸ்பியின் பாதுகாப்பு முறை பழையது. இன்றைய சர்வர்கள் அதை உள்ளே விடுவதில்லை. வெறும் பாஸ்வேர்டை வைத்து நுழைகிற பழைய வழியையும் 2022-இல் ஜிமெயில் மூடிவிட்டது. முதலில் தண்டர்பேர்டுக்குக் கொண்டுவந்து, அங்கிருந்து ஏற்றுங்கள்.

இப்போது தமிழ்க் கடிதங்கள். எனக்கு மிகவும் கவலை தருகிற இடம் இது. யூனிகோடு பரவும் முன்பு நம்மவர்கள் திஸ்கி, டேப், டாம் என்று பல குறியாக்கங்களில், அதாவது எழுத்துக்கு எண் கொடுக்கும் முறைகளில், எழுதினார்கள். 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாடு டேப், டாம் இரண்டையும் தரமாக முன்வைத்தது. கடல் கடந்த தமிழர் பலர் திஸ்கியில் எழுதினார்கள். அந்தக் கடிதம் புதிய புரோகிராமுக்கு வந்ததும், தலைமேல் கோடும் புள்ளியும் வைத்த ஐரோப்பிய எழுத்துகளாகத் தெரியும். மாற்றும்போது கெட்டுவிட்டது என்று எண்ணி அழித்துவிடாதீர்கள். கெடவில்லை. உள்ளே இருக்கும் எண்கள் அதே எண்கள்தான். எழுத்துரு பார்த்துக்கொள்ளும் என்று விட்டுவிட்டதால், இது தமிழ் என்று கடிதத்தின் தலைப்பு வரிகளில் யாரும் எழுதி வைக்கவில்லை. புரோகிராம் அதை ஆங்கில வகை எழுத்து என்று எடுத்துக்கொள்கிறது.

கடிதத்தின் எழுத்தை மட்டும் எடுத்து என்ஹெச்எம் கன்வர்ட்டர் போன்ற ஒரு மாற்றியில் போட்டு யூனிகோடாக்கலாம். லினக்ஸில் 'ஐகான்வ்' கட்டளைக்கும் திஸ்கி தெரியும். திஸ்கியில் 'கொ' என்பது ஒற்றைக் கொம்பு, க, கால் என்று கண்ணுக்குத் தெரிகிற வரிசையில் இருக்கும். யூனிகோடில் முதலில் க, பிறகு ஒகரக் குறி. அதனால் எழுத்துக்கு எழுத்து மாற்றினால் போதாது, வரிசையையும் திருப்ப வேண்டும். நல்ல மாற்றி அதைச் செய்யும். மாற்றாத கடிதத்தில் 'அம்மா' என்று தேடினால் எதுவும் அகப்படாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். முக்கியமான கடிதங்களை மாற்றி, மாற்றிய உரையைத் தனியாக வையுங்கள். மூல இஎம்எல்லைத் தொடாதீர்கள். சிலர் அவசரத்தில் அந்தக் கிறுக்கல் எழுத்தை வேர்டில் ஒட்டி வைத்திருப்பார்கள். ஒட்டும்போது சில எண்களுக்கு ஈடான எழுத்து இல்லாமல் அவை விடுபட்டுப் போயிருக்கலாம், அப்படிப் போனதை எந்த மாற்றியும் திருப்பித் தராது.

எல்லாம் வந்துவிட்டதா என்று பார்க்க, பழையதில் ஒவ்வொரு ஃபோல்டரிலும் எத்தனை கடிதம் என்று குறித்துவைத்து, புதியதில் ஒப்பிடுங்கள். மிகப் பழைய கடிதம் ஒன்றையும், பெரிய இணைப்புள்ள ஒன்றையும் திறந்து பாருங்கள். 'அனுப்பியவை' ஃபோல்டரை மறந்துவிடுவார்கள், நாம் எழுதியது அங்கேதான் இருக்கிறது. எல்லாக் கடிதத்துக்கும் இன்றைய தேதி காட்டினால், 'பெறப்பட்டது' என்ற பத்தியை விட்டு 'தேதி' என்ற பத்தியை வைத்து வரிசைப்படுத்துங்கள். கடிதத்துக்குள்ளேயே எழுதியிருக்கும் தேதி அதில்தான் வரும். எண்ணிக்கை ஒத்துவந்த பிறகும் பழைய டிஸ்க்கைப் பழைய சாமான்காரரிடம் போடாமல், மேலே 'மெயில், அவுட்லுக் எக்ஸ்பிரஸ்' என்று எழுதி ஒட்டி, ஒரு வருடமாவது அலமாரியில் வைத்திருங்கள். விட்டுப்போன ஒரு ஃபோல்டர் வரிக் கணக்குக்கோ நிலப் பத்திரத்துக்கோ தேடும்போதுதான் தெரியவரும்.