மூச்சு வாங்குதா? 98-ஐ மட்டும் நம்பாதீங்க!

ரெண்டு மாடி ஏறினதுமே இரைக்குதா? 'எக்ஸாம் டென்ஷன், நைட் தூங்கல'ன்னு சமாளிக்காதீங்க ஃப்ரெண்ட்ஸ். அது ரத்தசோகையா இருக்கலாம், ஆஸ்துமாவா இருக்கலாம், சிலருக்கு ரெண்டுமே சேர்ந்தும் இருக்கலாம். இந்த ரெண்டையும் பிரிச்சுப் பார்க்கிற வேலை முதல்ல வந்து விழறது நர்ஸ்கள் கையிலதான்.

நர்ஸிங் படிப்புக்கு நம்ம மாவட்டத்துல பேர்போன இடம், சிதம்பரம் அண்ணாமலை நகர்ல இருக்கிற ராணி மெய்யம்மை நர்ஸிங் கல்லூரி. பக்கத்துல இருக்கிற ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரி, 2021-ல் அரசு சுகாதாரத் துறைக்கு மாறி கடலூர் மாவட்ட அரசு மருத்துவக் கல்லூரி ஆயிடுச்சு. பேர்ல கடலூர், இருக்கிறது சிதம்பரம்!

சரி, மேட்டருக்கு வருவோம். கொரோனாவுக்கு அப்புறம் பல வீட்டுல விரல்ல மாட்டுற ஆக்ஸிமீட்டர் இருக்கு. 98 காட்டினா 'ஒண்ணுமில்ல'ன்னு முடிவு கட்டிடுறோம். என்ஜினீயரிங் மூளையை இங்கே கொஞ்சம் தட்டுங்க. அது காட்டுறது வெறும் சதவிகிதம். கடலூர் டு சிதம்பரம் ரூட்டை நினைச்சுக்கோங்க. ஹீமோகுளோபின்தான் பஸ், ஆக்ஸிஜன் பயணி. பத்து பஸ் ஓட வேண்டிய ரூட்ல அஞ்சுதான் ஓடுது, ஆனா சீட் எல்லாம் ஃபுல். மெஷின் சீட்டைப் பார்த்துட்டு 98-னு சொல்லிடும். பஸ் குறைஞ்சது அதுக்குத் தெரியாது! ஆஸ்துமாவுல பஸ் இருக்கு, பயணி உள்ளே வர்ற வழிதான் சுருங்கிப் போச்சு.

அதனாலதான் நர்ஸ் மெஷினோட நிறுத்தறதில்ல. கீழ் இமையை இழுத்துப் பார்க்கிறாங்க, நாக்கும் நகமும் வெளுத்திருக்கான்னு பார்க்கிறாங்க, ஒரு முழு நிமிஷம் மூச்சை எண்ணுறாங்க. ரத்தம் ஏத்தினா முதல் 15 நிமிஷம் பக்கத்துலேயே நின்னு காய்ச்சல், நடுக்கம், அரிப்பு வருதான்னு கவனிக்கிறாங்க. ஆஸ்துமா நோயாளியைப் படுக்க விடாம நிமிர்த்தி உட்கார வைக்கிறாங்க. இழுப்புச் சத்தம் திடீர்னு நின்னுபோய், ஆள் பேச முடியாமத் திணறினா அவங்க ஓட ஆரம்பிச்சிடுவாங்க. காத்தே உள்ளே போகலைன்னு அர்த்தம். ஹாஸ்டல் ரூம்ல இப்படி ஆனா இன்ஹேலரைக் கொடுத்து, உடனே 108-ஐக் கூப்பிடுங்க.

இன்ஹேலரை பேக் அடியில ஒளிச்சு வைக்கிற பார்ட்டிகளே, அதுல என்னங்க வெட்கம்? தினமும் எடுக்கச் சொன்ன இன்ஹேலரை 'நல்லாத்தானே இருக்கேன்'னு நிறுத்தறவங்கதான் பாதி ராத்திரியில மாட்டிக்கிறாங்க. எடுத்த பிறகு வாய் கொப்பளிக்க மறக்காதீங்க.

2019-21 தேசிய குடும்ப நல ஆய்வுப்படி, தமிழ்நாட்டுல 15 முதல் 49 வயசுப் பெண்கள்ல 53 சதவிகிதத்துக்கு மேல ரத்தசோகை. கிளாஸ்ல பாதிப் பேர்! இரும்புச்சத்து மாத்திரையை டீ, காபி, பாலோட முழுங்கினா பாதி வீண். எலுமிச்சை ஜூஸோட போடுங்க. மலம் கறுப்பா போனா பயப்படாதீங்க, மாத்திரையோட வேலைதான் அது. ஹீமோகுளோபின் ஏறின பிறகும் டாக்டர் சொல்ற வரைக்கும் நிறுத்தாதீங்க.

காலேஜ் ரத்த தான முகாம்ல '12.5 இல்ல'ன்னு திருப்பி அனுப்பினா, கேன்டீனுக்குப் போய் டீ குடிச்சு மறந்துடாதீங்க. அந்த நம்பரை எழுதி வாங்கிட்டு, கடலூர் ஜி.ஹெச்சோ அண்ணாமலை நகரோ, எது பக்கமோ அங்கே போய்க் காட்டுங்க.