உங்களுக்குத் தெரியுமா? திகில் கதை படித்தால் ஏன் புல்லரிக்கிறது?

கேளம்பாக்கம் பஸ்ஸில், பட்டப்பகலில், கூட்ட நெரிசலில் நின்று படித்தாலும் புதுமைப்பித்தனின் ‘காஞ்சனை’ (1943) முதுகுத்தண்டைச் சில்லிட வைக்கும். காரணம்?

● ‘வெறும் கதைதானே’ என்று அறிவு சொன்னாலும், மூளையின் அமிக்டலா அபாய மணி அடித்துவிடும். அட்ரினலின் சுரந்து நெஞ்சு படபடக்கும். மயிர்க்கால்களின் நுண்தசைகள் சுருங்கிப் புல்லரிக்கும்.

● ஹாரி பாட்டர் நாவல்களை வைத்து பெர்லினில் நடத்திய ஆய்வொன்று 2014-இல் வெளியானது. அச்சமூட்டும் பகுதிகளில்தான் வாசகர்கள் கூடுதலாக ஒன்றிப்போனார்கள்.

● எழுதியவரும் தப்புவதில்லை! ‘பெட் செமட்டரி’ நாவல் மிகக் கொடூரமாக வந்துவிட்டதென்று ஸ்டீபன் கிங் அதை வெளியிடாமல் ஒதுக்கி வைத்தார். 1983-இல்தான் அது அச்சேறியது.

திகில் நாவல் உங்கள் தூக்கத்தைக் கெடுக்கிறதா? படுக்கப் போகும் நேரத்தில் தொடாதீர்கள், பகலில் படியுங்கள்.