ஜூலைச் சந்தைக்கு ஜனவரியிலேயே மண்

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் ஆன் ஆர்பர் என்று ஒரு பல்கலைக்கழக நகரம் இருக்கிறது. ஆண்டுதோறும் ஜூலை மாதத்தில் சில நாட்களுக்கு அந்நகரின் நடுத்தெருக்களில் வண்டிகள் ஓடுவதில்லை. தெரு நெடுகிலும் வெள்ளைக் கூடாரங்கள் முளைத்துவிடும். ஓவியர், மரத்தச்சர், வெள்ளி நகை செய்பவர், கண்ணாடி ஊதுபவர் என நூற்றுக்கணக்கானோர் தம் கைவேலைகளை அங்கே விற்பனைக்கு வைப்பர். 1960-ஆம் ஆண்டில், உள்ளூர்க் கடைக்காரர்கள் நடத்திவந்த கோடைத் தள்ளுபடி விற்பனையை ஒட்டி ஒரு சோதனை முயற்சியாகத் தொடங்கிய கலைச்சந்தை இது. இன்று அந்நாட்டின் பெரிய கலைச்சந்தைகளில் ஒன்று. பனி கடுமையாகப் பெய்யும் வட மாநிலங்களில் தெருவில் கடை விரிக்கத் தக்க மாதங்கள் சிலவே. அதனால் இத்தகைய சந்தைகள் பலவும் கோடையில்தான் நடக்கின்றன.

இங்கே கூடாரம் போடும் குயவரிடம், ஒரு கோப்பையைக் கையில் எடுத்துப் பார்ப்பவர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: “இதைச் செய்ய எவ்வளவு நேரம் ஆகும்?” சக்கரத்தில் வனைய மூன்று நான்கு நிமிடம் போதும். ஆனால் அதே கோப்பை விற்பனைக்கு வந்து சேர ஏறத்தாழ மூன்று வாரம் ஆகும். அந்த மூன்று வாரம் எங்கே போயிற்று? பெரும்பகுதி, மண்ணை விட்டுத் தண்ணீர் வெளியேறுவதற்குக் காத்திருந்ததில் போயிற்று. அந்தத் தண்ணீரை விரட்ட முடியாது. சந்தை நாளைத் தள்ளிவைக்கவும் முடியாது. இந்த இரண்டுக்கும் நடுவில்தான் குயவரின் ஆண்டு வருமானம் ஊசலாடுகிறது. எனவே தண்ணீரின் கதையையே முதலில் பார்ப்போம்.

மண்ணுக்குள் இருக்கும் தண்ணீர்

களிமண்ணை ஈரமாகத் தொட்டால் வழுவழுப்பாக இருப்பதை நீங்கள் அறிவீர்கள். மணல் அப்படி இருப்பதில்லை. காரணம் துகள்களின் வடிவம். களிமண்ணின் முக்கியக் கனிமமான கயோலினைட்டின் துகள்கள் மிக மெல்லிய தட்டுகள். ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு என்ற அளவில் இருப்பவை. இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கு இடையே சிறிது நீர் விட்டால் அவை ஒன்றன்மேல் ஒன்று சறுக்கும். ஆனால் பிரித்து எடுப்பது கடினம். களிமண்ணிலும் இதே கதைதான். சறுக்குவதால் மண் கைக்கு வளைகிறது. ஒட்டிக்கொண்டிருப்பதால் வனைந்த வடிவம் நிற்கிறது.

வனைவதற்குப் பிசைந்த மண்ணின் எடையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கோ நான்கில் ஒரு பங்கோ தண்ணீர். இது வெளியேற வெளியேறத் தட்டுகள் நெருங்கி வருகின்றன. கலம் சுருங்குகிறது. இவ்வளவும் சுருக்கமாகச் சொல்லிவிடலாம்; தொல்லை எங்கே என்றால், கலம் முழுவதும் ஒரே வேகத்தில் சுருங்குவதில்லை. விளிம்பு காற்றுபட்டு முதலில் காய்கிறது. அடிப்பகுதி பலகையில் அமர்ந்திருப்பதால் ஈரமாகவே இருக்கிறது. விளிம்பு சுருங்கி முடிந்த பின் அடி சுருங்க முயன்றால் நடுவே பிளவு விழுகிறது. கைப்பிடியின் நிலையும் இதுதான். மெல்லியதாக இருப்பதால் அது உடலைவிட விரைவில் காய்ந்து, ஒட்டிய இடத்தில் விட்டுப்போகிறது. குளிர்காலத்தில் வீட்டுக்குள் வெப்பமூட்டி வைத்திருக்கும்போது காற்று மிகவும் வறண்டுவிடும். அப்போது இந்தத் தொல்லை கூடுதல். கோடையின் புழுக்கமோ, காயவே விடாமல் நாட்களைத் தின்னும்.

ஆகவே குயவர் செய்வது, காய்வதைத் தாமதப்படுத்துவது! வனைந்த கோப்பைகளைப் பிளாஸ்டிக் தாளால் மூடி வைப்பர். அவை பதனிட்ட தோல் போன்ற பதத்துக்கு வந்ததும் கவிழ்த்து அடியைச் செதுக்கி, கைப்பிடி ஒட்டி, ஈரம் எங்கும் ஒன்றுபோல் பரவட்டும் என்று மீண்டும் மூடுவர். தட்டுகள் ஒன்றையொன்று தொட்டுவிட்டால் சுருக்கம் நின்றுவிடுகிறது. அதன்பின் இடுக்குகளில் எஞ்சிய நீர்தான் போகவேண்டும். அது போகும்போது பிளவு அச்சம் குறைவு. முழுக்கக் காய்ந்ததா என்று அறியக் கருவி வேண்டாம். கலத்தைக் கன்னத்தில் வைத்துப் பார்த்தால் போதும். சில்லென்று இருந்தால் உள்ளே இன்னும் நீர் ஆவியாகிக்கொண்டிருக்கிறது. மண்பானைத் தண்ணீர் குளிர்வதும் இதே விதியால்தான்.

கன்னத்தை ஏமாற்றிய ஈரக் கலம் சூளைக்குள் போனால் என்ன ஆகும்? ஒரு லிட்டர் நீர் 100 டிகிரி செல்சியஸில் ஆவியானால் சுமார் 1,700 லிட்டர் இடம் கேட்கும். தடித்த அடிப்பகுதிக்குள் இருந்து அவ்வளவு ஆவி வெளியேற வழி ஏது? கலம் வெடித்துச் சிதறும். தான் மட்டும் போகாது. சுற்றியுள்ள நான்கு கலங்களிலும் சில்லு பாயும். அதனால் சூளையை 100 டிகிரிக்குக் கீழேயே பல மணி நேரம், சிலர் ஓர் இரவு முழுவதும், வைத்திருந்து பிறகே சூடு ஏற்றுகிறார்கள்.

இதோடு தண்ணீர் தீர்ந்தது என்று எண்ணிவிட வேண்டாம். எலும்பு போல் காய்ந்த மண்ணிலும் தண்ணீர் உண்டு. ஆனால் அது ஈரமல்ல. கயோலினைட்டின் மூலக்கூறிலேயே பிணைந்து கிடப்பது. அக்கனிமத்தின் எடையில் 14 சதவீதம் இப்படிப்பட்ட நீர். 450 முதல் 600 டிகிரி வரையிலான வெப்பத்தில்தான் அது விடைபெறுகிறது. இது போகும்வரை மண் மண்தான். காய்ந்த கோப்பையைத் தண்ணீர் வாளியில் போட்டால் சிறிது நேரத்தில் சேறாகிவிடும். பழைய நூல்கள் பசுமட்கலம் என்று சொல்வது இதைத்தான். பிணைந்த நீர் போனபின்போ எத்தனை ஆண்டு ஊறவைத்தாலும் அது மண்ணாகத் திரும்பாது. தொல்பொருள் ஆய்வாளர்களுக்குப் பானை ஓடுகள் கிடைப்பது இந்த ஒரு மாற்றத்தின் புண்ணியத்தால்தான்.

இரண்டாம் சூடு

சுமார் 1,000 டிகிரியில் சுட்டெடுத்த கலம் நம் ஊர்ப் பானையைப் போலவே நுண்துளைகள் நிறைந்தது, நீரை உறிஞ்சும். இது முதற்சூடு. நம் குயவர் இங்கே நிறுத்திவிடுகிறார். குளிர்ந்த நீருக்கு அத்துளைகள்தான் தேவை. காப்பிக் கோப்பைக்கு அது உதவாது. எனவே ஆன் ஆர்பர் குயவர், கலத்தின்மீது கண்ணாடி மெருகுக் குழம்பைப் பூசி 1,200 டிகிரிக்கு மேல் மறுபடியும் சுடுகிறார். மண்ணின் ஒரு பகுதி உருகித் துளைகளை அடைக்கிறது. கலம் கல் போல் இறுகிவிடும். இதை ஸ்டோன்வேர் என்பர். இது நமக்குப் புதியதன்று. உங்கள் வீட்டுப் பரணில் இருக்கும் வெள்ளை-பழுப்பு ஊறுகாய் ஜாடி இந்த இனம்தான். புதுச்சேரியில் 1971-ல் கோல்டன் பிரிட்ஜ் பாட்டரியைத் தொடங்கிய டெபோரா ஸ்மித், ரே மீக்கர் என்ற இரு அமெரிக்கர்கள் இவ்வகைக் கலங்களைக் கையால் வனையும் முறையைப் பலருக்குக் கற்றுக் கொடுத்தனர்.

மெருகு என்பது உண்மையில் கண்ணாடிதான். கண்ணாடிக்கு மூலமான சிலிகா உருக 1,700 டிகிரிக்கு மேல் வேண்டும். அவ்வளவு சூட்டில் கோப்பையே உருகிவிடும். ஆகவே ஃபெல்ட்ஸ்பார், சுண்ணாம்பு போன்றவற்றைச் சேர்த்து உருகுநிலையை இறக்குகிறார்கள். அளவு மீறி இறங்கினால் மெருகு தேன் போல் வழிந்து கலத்தைத் தட்டோடு ஒட்டவைத்துவிடும். அதைத் தடுக்க, குழம்பை இறுக்கிப் பிடிக்கும் அலுமினாவும் சிறிது வேண்டும். நிறம் உலோக ஆக்சைடுகளிலிருந்து வருகிறது. செம்பு சேர்த்த மெருகு, காற்றோட்டமுள்ள சூளையில் பச்சையாகும். ஆக்சிஜனைக் குறைத்துப் புகையோடு எரித்தால் அதுவே குருதிச் சிவப்பாகலாம். “ஆகலாம்” என்றுதான் சொல்ல முடியும். செஞ்செம்பு மெருகை நம்பிச் சந்தைக்குச் சரக்கு ஒப்புக்கொள்பவர் துணிச்சல்காரர்.

சூடு போதுமா என்பதை எப்படி அறிவது? வெப்பமானி ஒன்று போதாதா? போதாது. சோறு வேகச் சூடு மட்டுமா, நேரமும் வேண்டுமல்லவா? மெருகும் அப்படியே. இதற்காக, மெருகின் பொருள்களைக் கொண்டே செய்த சிறு கூம்புகளைச் சூளைக்குள் வைக்கிறார்கள். 1886-ல் பெர்லினில் ஹெர்மன் ஸேகர் என்ற வேதியியலார் வகுத்த முறை இது. அமெரிக்காவில் 1896-ல் எட்வர்ட் ஆர்ட்டன் இவ்வகைக் கூம்புகளைச் செய்யத் தொடங்கினார். அடுத்தடுத்து எண்ணிட்ட மூன்று கூம்புகளை வரிசையாக நிறுத்தி, துளை வழியே பார்ப்பர். முதலாவது சாய்ந்து படுத்து, நடுவிலிருப்பது வில்லாக வளைந்து, மூன்றாவது நிமிர்ந்து நின்றால் பதம் சரி.

சூட்டை நிறுத்தியதும் அடுத்த ஆபத்து தொடங்குகிறது. மண்ணிலுள்ள குவார்ட்ஸ் படிகங்கள் 573 டிகிரியைக் கடந்து இறங்கும்போது திடீரெனத் தம் அமைப்பை மாற்றிக்கொண்டு சற்றே சுருங்கும். சூளைக் கதவைப் பொறுமையின்றித் திறந்து குளிர்காற்றை உள்ளே விட்டால், கலத்தின் ஒரு பக்கம் அந்த எல்லையைக் கடந்தும் மறுபக்கம் கடக்காமலும் நிற்கும். விளைவு, அடியிலிருந்து விளிம்புவரை ஒரு பிளவு. சந்தைக்கு இரண்டு நாளே இருக்கும்போது ஒரு முழு நாள் சூளைக்கு முன்னே சும்மா உட்கார்ந்திருப்பது எளிதன்று.

எண்ணிக்கை என்ன சொல்கிறது?

இப்போது சந்தைக் கணக்குக்கு வருவோம். ஸ்டோன்வேர் கோப்பை காய்ந்தும் வெந்தும் மொத்தத்தில் சுமார் 12 சதவீதம் சுருங்கும். 10 செ.மீ. உயரக் கோப்பை வேண்டுமானால் 11.4 செ.மீ. உயரத்தில் வனையவேண்டும். இது எளிய கணக்கு. கலங்க வைப்பது வேறொன்று. வனைந்து காயும்போது, முதற்சூட்டில், மெருகிடும்போது, இரண்டாம் சூட்டில் என நான்கு கட்டங்களிலும் நூற்றுக்கு ஐந்து மட்டும் பழுதாவதாக வைத்துக்கொள்வோம். நூறு கோப்பைகள் முறையே 95, 90, 86, 81 என்று இறங்கும். அதாவது விற்கும் 81 கோப்பைகளின் விலைதான் விற்க முடியாத 19-க்கும் கூலி தரவேண்டும். விண்ணப்பக் கட்டணம், இடவாடகை, பயணம், தங்கும் செலவு எல்லாம் இதற்கு மேல். கையால் செய்த கோப்பை ஆலைக் கோப்பையைவிடப் பன்மடங்கு விலை ஏன் என்று கேட்போருக்கு இக்கணக்கு விடை கூறும்.

நாள்கணக்கும் பின்னிருந்து முன்னாகப் போடப்படுகிறது. மெருகிட்ட கலங்கள் ஒன்றையொன்று தொட்டால் ஒட்டிக்கொள்ளும். இடைவெளி விட்டே அடுக்கவேண்டும். நடுத்தரமான ஒரு மின்சூளையில் ஒரு தடவைக்கு அறுபது எழுபது கோப்பைகள் கொள்ளும் என்று வைத்தால், முந்நூறு கலங்களுக்கு ஐந்து சூளை. ஒவ்வொன்றுக்கும் ஏற்றி, சுட்டு, ஆற இரண்டு மூன்று நாள். இதற்கு முன்னே முதற்சூடு. அதற்கு முன்னே காய்ச்சல். இப்படியே பின்னோக்கிப் போனால் வசந்தம் வந்துவிடும். அதற்கும் முன்பே, சந்தையில் இடம் கேட்டு விண்ணப்பிக்க வேண்டும். பெயரை மறைத்து, கலங்களின் புகைப்படங்களை மட்டும் பார்த்து நடுவர் குழு தேர்ந்தெடுக்கிறது. படம் எடுக்கக் கலம் வேண்டுமே! குளிர்காலத்திலேயே சக்கரம் சுழல்வதற்கு இது காரணம்.

இத்தனையும் தாண்டி வந்த கலத்துக்குத் தெருவில் ஓர் எதிரி காத்திருக்கிறது: காற்று. மிச்சிகனில் கோடைப் பிற்பகல்களில் இடிமழை திடீரென வரும். கூடாரம் மூன்று மீட்டர் சதுரம். தார்ச்சாலையில் முளை அடிக்க முடியாது. மணிக்கு 60 கி.மீ. வேகக் காற்று ஒரு சதுர மீட்டர் பரப்பை ஏறத்தாழ 17 கிலோ எடைக்குச் சமமான விசையோடு தள்ளும். கூடாரத்தின் ஒரு பக்கத் துணி ஆறு சதுர மீட்டர் என்றால் நூறு கிலோ! வேகம் பாதியானால் விசை கால்பங்காகும் என்பது சிறு ஆறுதல். நான்கு கால்களிலும் மணல் மூட்டையோ கான்கிரீட் பாளமோ கட்டித் தொங்கவிடுவதும், கனமான கலங்களை அடித்தட்டில் அடுக்குவதும் இதனால்தான். மழை ஸ்டோன்வேரை ஒன்றும் செய்யாது. பொட்டலம் கட்ட வைத்திருக்கும் பழைய செய்தித்தாளுக்குத்தான் ஆபத்து.

வாங்க வருபவர்களில் விவரம் தெரிந்தவர்கள் சில சோதனைகள் செய்வதைக் காணலாம். அவை உங்களுக்கும் உதவும். கலத்தை உள்ளங்கையில் வைத்து விரலால் சுண்டிப் பாருங்கள். கணீரென்றால் நலம். மந்தமான ஒலி எழுந்தால் கண்ணுக்குத் தெரியாத கீறல் இருக்கிறது. அதிர்வு அங்கே அறுபட்டுவிடுகிறது. மெருகில் வலைபோல் நுண்கோடுகள் தெரிந்தால், மெருகு மண்ணைவிட அதிகமாகச் சுருங்கியிருக்கிறது என்று பொருள். அழகுக்கு வைத்துக்கொள்ளலாம், உண்ண ஏற்றதல்ல. எலுமிச்சம்பழத் துண்டு ஒன்றை மெருகின்மேல் ஓர் இரவு கவிழ்த்து வைத்துப் பாருங்கள். காலையில் அந்த இடத்தில் நிறம் மங்கியிருந்தால் அமிலம் மெருகை அரிக்கிறது. மங்காவிட்டாலும் ஈயம் இல்லை என்று இச்சோதனையால் சொல்ல முடியாது. அதைச் செய்தவரிடமே கேட்கவேண்டும், அல்லது ஆய்வுக்கூடம் சொல்லவேண்டும். மங்கிய ஜாடியில் ஊறுகாய் போடாதீர்கள். மேசைமேல் பேனா போட்டு வைக்கலாம்.