நெய்யாற்றின்கரையும் அதன் சுற்றூர்களும்

திருவனந்தபுரத்திற்குத் தெற்கே சுமார் 20 கிலோமீட்டர் தொலைவில் உள்ள சந்தை நகரம் நெய்யாற்றின்கரை. ஆற்றின் பெயரையே தன் பெயராகக் கொண்டது அது. அதன் வடகிழக்கே, மலையடிவாரம் நோக்கிய மேட்டு நிலத்தில் ஆரியங்கோடு முதலிய சிற்றூர்கள் உள்ளன. தெற்கே பாறசாலையைக் கடந்தால் களியக்காவிளை. அங்கே தமிழ்நாடு தொடங்குகிறது. இவ்வெல்லையூர்களின் குடிவழக்கைப் பிறந்த ஊர் விட்டு வந்து வாழும் நம்மனோர் அறிந்திருத்தல் நலம்.

ஊர் அமைப்பு

நம் பாண்டி நாட்டு ஊர்களில் வீடுகள் தெருத்தெருவாய் நெருங்கி நிற்கும். ஊரைச் சூழ வயல் இருக்கும். இங்கோ அவ்வாறன்று. ஒவ்வொரு வீடும் தன் தென்னையும் வாழையும் சூழத் தனித்து நிற்கும். ஓர் ஊர் முடிந்து மற்றோர் ஊர் தொடங்கும் இடத்தைப் புதியவர் காண்டல் அரிது. 2011-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி திருவனந்தபுரம் மாவட்டத்தில் ஒரு சதுர கிலோமீட்டருக்கு 1,508 பேர் வாழ்ந்தனர். அதே ஆண்டில் தமிழ்நாட்டின் சராசரி 555 மட்டுமே. சிதறிக் கிடப்பினும் செறிவு மிக்க குடியிருப்பு இது. இத்தகைய நாட்டில் மக்களை ஒன்று கூட்டுவது சந்தையே.

மரச்சீனி, வாழைக்குலை, தேங்காய், மிளகு ஆகியன எல்லையின் இருபுறத்தும் விளைவன. ‘மரச்சீனி’ என்னும் சொல்லும் இருபுறத்தார்க்கும் பொதுவே. ஊர்ப்பெயர்களும் அவ்வாறே: இங்கே ஆரியங்கோடு, அங்கே விளவங்கோடு.

எல்லை வகுத்த கதை

1956 நவம்பர் 1-ஆம் நாள் தோவாளை, அகஸ்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு என்னும் நான்கு தாலுகாக்கள் சென்னை மாநிலத்தோடு இணைந்து கன்னியாகுமரி மாவட்டமாயின. நெய்யாற்றின்கரைத் தாலுகா கேரளத்தில் நின்றது. தாலுகாவை அலகாகக் கொண்டு பெரும்பான்மையோர் மொழியை நோக்கி எல்லை வகுக்கும்போது, சிறுபான்மைக் குடும்பங்கள் மறுபுறம் தங்கிவிடுதல் இயல்பு. விளவங்கோட்டில் மலையாளம் பேசுவோரும், நெய்யாற்றின்கரையில் தமிழ் பேசுவோரும் அவ்வாறு தங்கினர்.

அத்தாலுகாவில் இன்னொரு வகைத் தமிழரும் உளர். பலராம வர்மர் ஆட்சியில் (1798–1810) தமிழ்ப் பகுதியிலிருந்து அழைத்துவரப்பட்டுப் பலராமபுரத்தில் குடியேறிய சாலியர் என்னும் நெசவாளர் மரபினர் அவர். இரு நூற்றாண்டுகள் கடந்தும் அவர்களுட் பலர் இல்லத்தில் தமிழே பேசி வருகின்றனர். அரசு ஆணை கொண்டன்று, அன்னையரின் நாவைக் கொண்டே அம்மொழி நிலைத்தது.

எண்ணிக்கையின் பயன்

ஆயினும் வீட்டு வழக்கு மட்டும் போதுமா? போதாது. 1949-இல் கூடிய மாகாணக் கல்வியமைச்சர் மாநாடு ஒரு விதி வகுத்தது: வட்டார மொழியின் வேறான தாய்மொழியுடைய பிள்ளைகள் ஒரு வகுப்பில் 10 பேரோ, பள்ளி முழுவதிலும் 40 பேரோ இருந்தால் அம்மொழியில் கற்பிக்க ஆசிரியரை அமர்த்த வேண்டும் என்பதே அது. தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் அளிக்க வசதி செய்தல் வேண்டும் என 1956-இல் அரசியலமைப்பிற் சேர்ந்த 350-ஏ பிரிவும் கூறுகிறது. ஆனால் ஒன்பது பெயர் பதிவாகிப் பத்தாவது பெயர் விடுபட்டால், அவ்வகுப்பின் அளவில் அவ்விதியாற் பயனில்லை. அப்பத்தாவது குழந்தை நம் வீட்டுக் குழந்தையாகவும் இருக்கலாம்.

இந்தியக் கணக்கெடுப்பில் தாய்மொழி என்பது, குழந்தைப் பருவத்தில் தாய் நம்மோடு பேசிய மொழி; அலுவலில் பேசும் மொழியன்று. மேலும் அறிந்த மொழிகளைக் குறிக்கத் தனியிடமும் உண்டு. ஆகவே வாழும் நாட்டு மொழியை நன்கு கற்றலும், தாய்மொழியைத் தமிழ் எனப் பதிதலும் ஒன்றற்கொன்று முரணல்ல. சந்தையில் இருமொழி பேசி, இல்லத்தில் தமிழ் பேணும் எல்லையூர்க் குடும்பங்கள் இதற்குச் சான்று.

எனவே கணக்கெடுப்பாளர் வாயிலில் வந்து நிற்கும் நாளிலும், பிள்ளையைப் பள்ளியிற் சேர்க்கும் நாளிலும், தாய்மொழிக் கட்டத்தை வெறுமையாய் விடாதீர்கள். ‘தமிழ்’ என்று எழுதச் செய்யுங்கள்.