நாற்பத்தைந்துக்கும் எழுபதுக்கும் நடுவே

‘எவ்வளவு சேர்த்தா நிறுத்திக்கலாம்?’ பழைய மகாபலிபுரம் சாலையின் டீக்கடைகளில் பங்குச்சந்தைக்கு அடுத்தபடி அடிபடும் பேச்சு இதுதான். சால்வை, மாலை, குரூப் போட்டோ என்று அறுபது வயதில் வந்துகொண்டிருந்த ஓய்வை நாற்பத்தைந்துக்கே இழுத்துவிடத் துடிக்கிறார்கள் முப்பது வயதுக்காரர்கள். ‘ஃபயர்’ என்று அதற்குப் பெயர் வைத்து, யூடியூபில் தமிழிலேயே வகுப்பும் எடுக்கிறார்கள்.

இதில் ஆசை பாதி என்றால் பயம் பாதி. ஐ.டி. அலுவலகங்களில் ஐம்பதைத் தாண்டிய முகம் எத்தனை என்று எண்ணிப் பார்த்தவர்களுக்கு அந்தப் பயம் புரியும். கம்பெனியாக அனுப்புவதற்கு முன் நாமாகக் கிளம்பிவிடலாமே என்கிற மானப் பிரச்சினை அது.

‘ஃபயர்’ பற்றாளர்கள் கையில் இருக்கும் சூத்திரம் எளிது: வருடச் செலவைப் போல் 25 மடங்கு சேர்ந்துவிட்டால் ராஜினாமா எழுதலாம். 1994இல் அமெரிக்க நிதி ஆலோசகர் ஒருவர் அந்நாட்டின் பங்கு, அரசுப் பத்திரங்களின் பழைய வருமானத்தை வைத்துப் போட்ட கணக்கு இது. முதல் வருடம் சேமிப்பில் 4 விழுக்காடு எடுத்து, அடுத்தடுத்த வருடங்களில் விலைவாசி ஏறும் அளவுக்கு அதைக் கூட்டிக்கொண்டே போனாலும் பணம் 30 வருடம் தாங்கும் என்றார். முப்பது வருடம் என்பது அறுபதில் ஓய்வு பெறுபவருக்குச் சரி. நாற்பத்தைந்தில் கிளம்பி எண்பத்தைந்து வரை இருக்கப்போகிறவருக்கு நாற்பது வருடம் ஓட வேண்டும், அதுவும் இந்திய விலைவாசியில்.

மாதம் 60,000 ரூபாய் செலவாகும் வீடு ஒன்றை எடுத்துக்கொள்வோம். வருடத்துக்கு 7.2 லட்சம், 25 மடங்கு என்றால் 1 கோடியே 80 லட்சம். விலைவாசி வருடத்துக்கு 6 விழுக்காடு ஏறினால் பன்னிரண்டு வருடத்துக்கு ஒருமுறை செலவு இரட்டிப்பாகும். 45 வயதில் 60,000 என்பது 57இல் 1,20,000, 69இல் 2,40,000, 81இல் 4,80,000. வீடு அதே வீடு, சாம்பார் அதே சாம்பார்.

பங்குச்சந்தை இதைவிட வேகமாக வளரும், அது பார்த்துக்கொள்ளும் என்பது ‘ஃபயர்’ பற்றாளர்களின் பதில். வளரலாம்தான்.

ஆனால் சீக்கிரம் ஓய்வு பெற்ற ஒரு தலைமுறை நம்மிடையே ஏற்கெனவே இருக்கிறது. 2000-01இல் பொதுத்துறை வங்கிகளில் வந்ததே வி.ஆர்.எஸ். எனும் விருப்ப ஓய்வுத் திட்டம், அதை யாரும் இப்போது ஞாபகப்படுத்துவதில்லை. பதினைந்து வருட சர்வீஸ் அல்லது நாற்பது வயது இருந்தால் போதும். முடித்த ஒவ்வொரு வருடத்துக்கும் அறுபது நாள் சம்பளம், அல்லது மிச்சமிருந்த சர்வீசுக்கான சம்பளம், இரண்டில் எது குறைவோ அது. நாடு முழுக்கச் சுமார் ஒரு லட்சம் பேர் கையெழுத்துப் போட்டார்கள். கும்பகோணத்திலும் மாம்பலத்திலும் ‘வி.ஆர்.எஸ். வாங்கிட்டார்’ என்பது அந்த வருடத்தின் பொது வசனம்.

வாங்கியவர்கள் பணவிஷயம் தெரியாதவர்கள் அல்ல. பிறருக்கு வட்டிக் கணக்குப் போட்டுக் கொடுத்தே காலம் தள்ளியவர்கள். அப்போது டெபாசிட்டுக்கு வட்டி பத்து விழுக்காட்டை ஒட்டி இருந்தது. பத்து லட்சம் போட்டால் மாதம் எட்டாயிரத்துச் சொச்சம் வரும். 2003-04 வாக்கில் அதே வட்டி ஐந்தரைக்கு இறங்கியது. எட்டாயிரம் ஐயாயிரத்துக்கும் கீழே போனது. நடுவில் 2001 ஜூலையில், நடுத்தர வர்க்கம் கண்ணை மூடிக்கொண்டு நம்பியிருந்த யூனிட் திட்டம் ஒன்றும் முடங்கியது. பென்ஷனைத் தேர்ந்திருந்தவர்கள் ஒருவாறு சமாளித்தார்கள். பி.எஃப். பணத்தை மட்டும் கையில் வைத்திருந்தவர்களில் பலர் மறுபடி வேலை தேடினார்கள்: ஆடிட்டர் ஆபீஸ், இன்ஷூரன்ஸ் ஏஜென்சி, டியூஷன் என்று.

2004 ஆகஸ்டில் 9 விழுக்காடு வட்டியோடு மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டம் வந்தது. அதில் சேர 60 வயது ஆக வேண்டும்; ஓய்வோ வி.ஆர்.எஸ்.ஸோ பெற்றவர் என்றால் 55. நாற்பத்தாறில் கிளம்பியவர் ஜன்னல் வழியாக எட்டிப் பார்க்கலாம்.

நம் சட்டதிட்டங்கள் எல்லாம் இப்படித்தான், மனிதன் அறுபது வரை உழைப்பான் என்ற நம்பிக்கையில் எழுதப்பட்டவை. பி.எஃப்.போடு சேர்ந்து வரும் ஓய்வூதியத்தையே பாருங்கள். பெரும்பாலோருக்கு அதன் கணக்குக்கான சம்பள உச்சவரம்பு 15,000 ரூபாய். இருபது வருடம் வேலை பார்த்தவருக்கு இரண்டு வருடம் போனஸாகச் சேர்த்து, அந்த 15,000ஐ இருபத்திரண்டால் பெருக்கி எழுபதால் வகுத்தால் மாதம் 4,714 ரூபாய். அதுவும் 58 வயதில். ஐம்பதிலேயே வேண்டுமென்றால் முந்தும் ஒவ்வொரு வருடத்துக்கும் 4 விழுக்காடு வெட்டு.

பணம் ஒருபுறம் இருக்கட்டும். நாற்பத்தைந்து வயது ஆண் பட்டப்பகலில் வீட்டில் இருந்தால் தெருவே விசாரிக்கிறது. ‘உடம்பு சரியில்லையா?’ முதல் வாரம். ‘வேலை போயிடுச்சா?’ இரண்டாவது மாதம். வாடகைக்கு வீடு தருகிறவர் எங்கே வேலை என்கிறார். கடன் கேட்டால் வங்கி சம்பளச் சீட்டைக் கேட்கிறது. பெண்ணுக்கு வரன் பார்க்கும்போது ‘அப்பா என்ன பண்றார்?’ என்ற கேள்விக்கு இரண்டு கோடி ரூபாயும் ஒரு பதில் ஆகாது. வீட்டுக்குள்ளே கதை வேறு. காலை ஒன்பதுக்கு மேல் தன் கைக்கு வந்துகொண்டிருந்த வீடு மனைவிக்குத் திடீரென்று இல்லாமல் போகிறது. பதினொரு மணிக் காபி, மதியம் சூடாகச் சாப்பாடு, அடுப்படி நிர்வாகம் பற்றிய ஆலோசனைகள். அவருக்கு எந்த வயதில் ஓய்வு என்று சூத்திரக்காரர்கள் யாரும் சொன்னதாகத் தெரியவில்லை. இதெல்லாம் ஒரு வருடத்தில் பழகிவிடும் என்பதும் உண்மை.

பழகாத ஒன்று இருக்கிறது: ஆஸ்பத்திரி பில்.

வேலையில் இருக்கும்வரை கம்பெனியின் குரூப் பாலிசி கணவன், மனைவி, குழந்தைகளையும், பல இடங்களில் பெற்றோரையும் சேர்த்துக் காக்கிறது. சர்க்கரை இருக்கிறதா, ஸ்டென்ட் வைத்திருக்கிறதா என்று பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை. அடையாள அட்டையைத் திருப்பிக் கொடுக்கிற நாளோடு அது போய்விடுகிறது. அதற்குப் பிறகு தனியாகப் பாலிசி வாங்கப் போகும்போதுதான் கேள்விகள் தொடங்குகின்றன. ஏற்கெனவே இருக்கும் நோய்க்கு மூன்று வருடம் வரை காத்திருக்கச் சொல்லலாம். 2024 வரை இது நான்கு வருடமாக இருந்தது. இந்தியாவில் 10 கோடிப் பேருக்கு மேல் சர்க்கரை நோய் என்று 2023இல் வெளியான தேசிய ஆய்வு சொன்னது. நாற்பத்தைந்து வயதில் மாத்திரை டப்பா இல்லாமல் ராஜினாமா செய்கிறவர் கொடுத்துவைத்தவர்.

அரசு உதவாதா? முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்துக்குக் குடும்ப வருமானம் ஆண்டுக்கு 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். இரண்டு கோடி வைத்திருப்பவர் அந்த வரிசையில் நிற்க முடியாது, நிற்கவும் கூடாது. வருமான வரம்பே இல்லாமல் 5 லட்சம் வரை காப்பு என்று மத்திய அரசு 2024இல் அறிவித்தது 70 வயது நிறைந்தவர்களுக்கு. மூத்த குடிமக்களின் பிரீமியத்தை வருடத்துக்கு 10 விழுக்காட்டுக்கு மேல் இஷ்டத்துக்கு ஏற்றக்கூடாது என்று 2025 ஜனவரியில் காப்பீட்டு நிறுவனங்களுக்குக் கடிவாளம் போடப்பட்டது; அது 60ஐத் தாண்டியவர்களுக்கு. தனிநபர் பாலிசி மீதான 18 விழுக்காடு ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22 முதல் நீங்கியது ஒன்றுதான் எல்லா வயதினருக்கும் கிடைத்த நிம்மதி.

ஆக, நாற்பத்தைந்தில் வேலையை விட்டவருக்குப் பிரீமியம் எவ்வளவு ஏறினாலும் கேட்க ஆளில்லாத வருடங்கள் பதினைந்து; அரசுக் காப்பு வந்து சேரும்வரை இருபத்தைந்து. நெஞ்சுவலி, சிறுநீரகக் கோளாறு, புற்றுநோய் எல்லாம் விசாரித்துக்கொண்டு வரும் வயது அது. பெரிய ஆபரேஷன் ஒன்று நடந்தால், 25 மடங்கில் ஒன்றிரண்டு மடங்கு ஒரே வாரத்தில் காணாமல் போகலாம். போன பணம் மட்டும் போவதில்லை. அது அடுத்த முப்பது வருடம் ஈட்டியிருக்க வேண்டிய வருமானமும் சேர்ந்தே போகிறது. ‘ஃபயர்’ கணக்குத் தாள்களில் வெளிநாட்டுப் பயணத்துக்குத் தனிக் கட்டம் இருக்கிறது. மருத்துவத்துக்குப் பெரும்பாலும் ‘இதர செலவு’தான்.

அதனால் நாற்பத்தைந்தில் கிளம்ப நினைப்பவர்கள் நாற்பத்திரண்டிலேயே சொந்தப் பெயரில் குடும்பப் பாலிசி எடுத்துவிடுங்கள்; கம்பெனி பாலிசி இருக்கிறதே என்று தள்ளிப்போட வேண்டாம். காத்திருப்புக் காலம் சம்பளம் வரும்போதே கழிந்துவிடும். இருக்கிற நோயை மறைக்காமல் எழுதுங்கள். மறைத்தது தெரிந்தால் பணம் மறுக்க அதுவே காரணமாகும். குரூப் பாலிசியிலிருந்து அதே காப்பீட்டு நிறுவனத்தின் தனிநபர் பாலிசிக்கு மாறவும் விதி இடம் கொடுக்கிறது. வேலையில் இருக்கும்போதே அதை எழுதிக் கேளுங்கள். பாலிசி கைக்கு வந்த பிறகு ராஜினாமாக் கடிதத்தை எழுதிக்கொள்ளலாம்.