மலைக்குள் இருப்பதற்கு யார் பொறுப்பு?

வீடு கட்டுவோன் தன் கையிலுள்ள செங்கல்லை அறிவான். சுரங்கவழி குடைவோனுக்கோ, தான் வேலை செய்யும் பொருளே முன்கூட்டித் தெரியாது. உள்ளே எதிர்பாராத பாறையோ ஊற்றோ தென்பட்டால் நட்டம் யாரைச் சேரும்? துளையிடும் எந்திரங்களைப் பற்றி நீங்கள் பலவும் படித்திருப்பீர்கள்; நான் இக்கேள்வியைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன்.

சுவிட்சர்லாந்தின் கோத்தார்டு மலையைக் குடைய 1872-இல் ஒப்பந்தம் செய்தவர், இளமையில் தச்சுத்தொழில் பயின்ற லூயி ஃபாவ்ர். 15 கிலோமீட்டர் வழியை எட்டே ஆண்டுகளில் முடிப்பதாக ஏற்றார். பிணையம் 80 இலட்சம் பிராங்கு. தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் தண்டம் வேறு. மலை எவ்வாறிருப்பினும் சுமை அவருடையதே!

மலை அந்த ஒப்பந்தத்தைப் படித்ததாகத் தெரியவில்லை. ஐரோலோப் பக்கத்தில் நீர் பீறிட்டது. ஆண்டர்மாட் சமவெளியின் அடியிலோ, பாறை பருத்து அழுத்திக் கல்வளைவுகளை நொறுக்கிற்று. கட்டியதையே மீண்டும் மீண்டும் கட்ட வேண்டியதாயிற்று. கெடு நெருக்கவே, தொழிலாளர் நலம் பின்னுக்குத் தள்ளப்பட்டது. பெரும்பாலும் இத்தாலியரான அவர்களுள் ஏறத்தாழ 200 பேர் விபத்துகளில் மாண்டனர். கொக்கிப்புழு நோயால் நலிந்தோர் மிகப் பலர். 1875-இல் வேலைநிறுத்தம் செய்தோர்மீது துப்பாக்கிச் சூடு நிகழ்ந்து நால்வர் இறந்தனர். 1879-இல் ஃபாவ்ரும் சுரங்கத்தினுள்ளேயே உயிர் துறந்தார். 1880 பிப்ரவரி 29-இல் இரு முனைகளும் சந்தித்தபோது பக்கவாட்டுப் பிழை ஏறத்தாழ 33 சென்டிமீட்டரே. கணக்கில் அத்துணை நுட்பம்! ஆயினும் 1882-இல்தான் இரயில் ஓடியது. தாமதத்தின் சுமையால் அவருடைய நிறுவனம் நொடித்தது.

இக்காலத்துப் போக்கு வேறு. 2019-இல் பன்னாட்டு ஆலோசகப் பொறியாளர் கூட்டமைப்பு, சுரங்கவழிச் சங்கத்துடன் சேர்ந்து ‘மரகத நூல்’ என்னும் மாதிரி ஒப்பந்தத்தை வெளியிட்டது. அதன்படி, எதிர்பார்க்கத்தக்க மண், பாறை, நீர் ஆகியவற்றை வரையறுத்து ஓர் அடிப்படை அறிக்கை எழுதப்படும். அதற்கு உட்பட்டவை ஒப்பந்தக்காரரைச் சேரும். மிஞ்சியவை உரிமையாளரைச் சேரும். குடைந்த நிலத்தின் இயல்புக்கேற்பக் கெடுவும் நீளும் அல்லது குறையும். இதனைச் சலுகை என்பாருமுண்டு. நான் அவ்வாறு கருதவில்லை. அறியாத ஆபத்தை ஒருவர் தலையில் ஏற்றினால், அதற்கும் விலை சேர்த்தே அவர் கேட்பார், அல்லது நடுவழியில் நொடிந்துபோவார்.

பொறுப்பு தன்னுடையது என்றானபின், உரிமையாளர் முன்னதாகவே மலையை ஆராய்வார். அதே கோத்தார்டில் 57 கிலோமீட்டர் அடிமட்டச் சுரங்கவழி அமைக்க முற்பட்டபோது, சர்க்கரைபோல் உதிரும் பியோராப் பகுதியே பேரச்சம் தந்தது. 1996-இல் ஆய்வுத் துளையொன்றில் நீரும் மணலும் சீறிப் பாய்ந்தன. மேலும் ஆழத்தில் துளையிட்டுப் பார்த்தனர். சுரங்கம் செல்லவேண்டிய மட்டத்தில் பாறை உறுதியாயும் உலர்ந்தும் இருந்தது. அவ்வழியே எந்திரங்கள் இடரின்றிக் கடந்தன. 2016 சூன் 1-இல் அச்சுரங்கவழி திறக்கப்பட்டது.